ஏழாம் தொகுதி

சென்ற ஆண்டு எங்கள் மஹல்லா மத்ரஸாவின் ஆண்டு விழாவில் கால் மணி நேரம் பேசும்படி என்னைக் கேட்டுக்கொண்டார்கள். 'இஸ்லாமும் அறிவுத் தேடலும்' என்பது தலைப்பு. நான் ஆலிம் அல்லன். ஜவுளிக்கடை வைத்திருந்த ஒருவரின் மகன்; அரசு அலுவலகத்தில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். புத்தகம் படிப்பவன் என்று ஊரில் ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை நம்பி அவர்கள் அழைத்தார்கள். அதே பெயரை நம்பி நானும் ஒப்புக்கொண்டேன்.

பேச்சின் நடுவே ஒரு செய்தியைச் சொன்னேன். உலகின் முதல் கலைக்களஞ்சியத்தை இயற்றியவர் ஒரு முஸ்லிம். அல்ஜீப்ராவை உலகுக்குத் தந்த அல் குவாரிஸ்மீ அவர்களே 'மஃபாதீஹுல் உலூம்', அதாவது 'அறிவுகளின் திறவுகோல்கள்' என்னும் அந்த நூலையும் எழுதினார். ஐரோப்பியர் நம்மைப் பார்த்துத்தான் கலைக்களஞ்சியம் எழுதக் கற்றுக்கொண்டனர் என்றேன். கூட்டம் தக்பீர் முழங்கியது. இருக்கையில் வந்து அமர்ந்தபோது மனம் நிறைந்திருந்தது.

விழா முடிந்து உணவுப் பொட்டலத்திற்காக எல்லாரும் வரிசையில் நின்ற நேரத்தில், எட்டாம் வகுப்புப் படிக்கும் சிறுமி ஒருத்தி கையில் குறிப்பேட்டோடு என்னிடம் வந்தாள்.

"மாமா, கலைக்களஞ்சியம்னு ஒண்ணு சொன்னீங்களே, அதை யாரு சொன்னாங்க? ஸ்கூல்ல எழுதிக் குடுக்கணும். எந்தப் புத்தகத்துல இருக்குன்னு டீச்சர் கேப்பாங்க."

எனக்கு அதைச் சொன்னது எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. துபாயில் இருக்கும் என் மச்சான் அனுப்பியிருந்தார்; அவருக்கு வேறு யாரோ அனுப்பியிருந்தார்கள். அந்தச் சிறுமியிடம் அதைச் சொல்ல நா எழவில்லை. "பெரிய புத்தகத்துல எல்லாம் இருக்கும்மா, தேடி எடுத்துத் தர்றேன்" என்றேன். மேடையில் சொன்னது தெரியாமல் சொன்னது. இது தெரிந்தே சொன்னது.

'யார் சொன்னது?' என்னும் கேள்வியின் மேல்தான் ஹதீஸ் கலை முழுவதும் எழுப்பப்பட்டிருக்கிறது. ஒரு செய்தியைக் காட்டிலும் அதைக் கொண்டுவந்தவரை முதலில் ஆராய்ந்த சமுதாயம் நம்முடையது. செய்தி வந்தால் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்னும் ஹுஜுராத் அத்தியாயத்தின் கட்டளையை அதே மேடையில் பத்து நிமிடம் முன்புதான் நான் விளக்கியிருந்தேன்.

அன்றிரவு வீட்டிற்கு வந்து வாப்பாவின் புத்தக அலமாரி முன் நின்றேன்.

எங்கள் வீட்டிற்குக் கலைக்களஞ்சியம் வந்த கதை சற்று வேடிக்கையானது. 1977இல், ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றை விற்கும் முகவர் வாப்பாவின் கடைக்கு வந்தார். கழுத்தில் டை, கையில் தோல் பை. பையிலிருந்து மடிப்பு மடிப்பான நீண்ட தாளொன்றை எடுத்து ஜவுளி விரிக்கும் பலகையில் விரித்தார். எல்லாத் தொகுதிகளின் முதுகுப் பக்கங்களும் பொன்னெழுத்துகளோடு அதில் வரிசையாக அச்சிடப்பட்டிருந்தன. பிள்ளைகள் படித்துப் பெரிய உத்தியோகத்திற்குப் போக வேண்டுமானால் வீட்டில் இது இருக்க வேண்டும் என்றார். மாதத் தவணையில் கட்டலாம். வாப்பாவுக்கு ஆங்கிலம் கையெழுத்துப் போடும் அளவுக்குத்தான் வரும். ஆயினும் எங்களுக்காக ஆசைப்பட்டார். படிவத்தைக் காக்கா வாசித்துப் பொருள் சொன்னபோது, தவணை தவறினால் வட்டி சேரும் என்று ஒரு வரி இருந்தது. வாப்பா படிவத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "நீங்க தவணை தவறவா போறீங்க பாய், அப்புறம் வட்டி எங்கேருந்து வருது?" என்று முகவர் வாதாடினார்.

"தவறினா குடுக்குறேன்னு இப்பவே கையெழுத்துப் போடச் சொல்றீங்கள்ல, அதைத்தான் முடியாதுங்குறேன்" என்றார் வாப்பா.

முகவருக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்துத்தான் அனுப்பினார். ஆனால் ஆசை மட்டும் அவரை விடவில்லை. மறு ஆண்டு சரக்கெடுக்கச் சென்னை சென்றபோது மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து, தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியத்தின் தொகுதிகளை ரொக்கம் கொடுத்து வாங்கிவந்தார். ஜவுளி மூட்டைகளுக்கு நடுவே அவையும் வந்து இறங்கின. மொத்தம் பத்துத் தொகுதிகள். வந்தவை ஒன்பது. ஏழாம் தொகுதி இல்லை.

அலமாரியில் அடுக்கியபோது அந்த இடைவெளியில் எட்டாம் தொகுதி சாய்ந்துகொண்டே இருந்தது. வாப்பா தச்சரிடம் சொல்லி அதே உயரத்தில், அதே கனத்தில் ஒரு மரக்கட்டையைச் செய்யச் சொன்னார். கடையில் மிஞ்சிய காடாத் துணியை அதற்கு ஒட்டி, முதுகில் மையால் '7' என்று எழுதி, ஆறுக்கும் எட்டுக்கும் நடுவே நிறுத்தினார்.

பள்ளிப் பாடத்தில் ஐயம் வந்தால் அந்த அலமாரிக்குத்தான் போவோம். பிள்ளைகள் தேடும் சொல்லெல்லாம் ஏழாம் தொகுதியில்தான் இருக்கும்போலும்! அப்போதெல்லாம் வாப்பா, "அது ஏழுல இருக்கு, நமக்குத் தெரியாது" என்பார். நாளடைவில் அது எங்கள் வீட்டின் வழக்குச் சொல்லாகிவிட்டது. ராத்தாவின் திருமணம் எப்போது என்று உறவினர் கேட்டால், "அது ஏழுல இருக்கு." ஆணத்தில் உப்பு ஏன் கூடிப்போயிற்று என்று கேட்டால் உம்மாவும் அதையே சொல்வார்.

அந்தத் தொகுதிகளின் வரலாறு எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. நாடு விடுதலை பெற்ற நேரம், சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி. சு. அவினாசிலிங்கம் செட்டியாரின் முயற்சியால் தமிழ் வளர்ச்சிக் கழகம் இப்பணியை மேற்கொண்டது. கவிஞரும் இசைப்பாடல் இயற்றியவருமான பெ. தூரன் தலைமைப் பதிப்பாசிரியர். முதல் தொகுதி 1954இல் வந்தது. ஒன்பது தொகுதிகள் முடியப் பத்தாண்டுகள் அளவில் ஆயின. பத்தாவது இணைப்புத் தொகுதி 1968இல் வந்தது. நூற்றுக்கணக்கான அறிஞர்கள் எழுதினார்கள். வானியலையும் தாவரவியலையும் சட்டத்தையும் தமிழில் எழுதுவதற்குச் சொற்களையே முதலில் உண்டாக்க வேண்டியிருந்த காலம் அது. ஓய்வின்றி உடனே சிறுவர்களுக்கென்று தனியாகப் பத்துத் தொகுதிகளைத் தூரன் தொடங்கினார். அது 1976இல் முடிந்தது. ஒரு மனிதரின் நடுவயதும் முதுமையின் தொடக்கமும் முழுவதுமாக இதிலேயே கழிந்திருக்கின்றன.

அதற்கும் முன்னே 1910இல் ஆ. சிங்காரவேலு முதலியாரின் 'அபிதான சிந்தாமணி' வந்துவிட்டது. தனி மனிதராகத் தொகுத்த அப்பெருநூலை அச்சேற்றப் பொருளுதவி தேடி அலைந்த அவருக்குக் கைகொடுத்தவர் எங்கள் இராமநாதபுரச் சீமையைச் சேர்ந்த பாண்டித்துரைத் தேவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் வழியாக நூல் வெளிவந்தது. விரிவாக்கிய இரண்டாம் பதிப்பு 1934இல் வந்தபோது முதலியார் உயிரோடு இல்லை.

இவற்றிலெல்லாம் என் மேடைச் செய்திக்குச் சான்று கிடைக்கவில்லை. மறுவாரம் வேறு வேலையாகச் சென்னை சென்றேன். அங்கே ஒரு கல்லூரி நூலகத்தில், ஹாலந்து நாட்டின் லெய்டன் நகரில் பிரில் பதிப்பகம் வெளியிட்ட ஆங்கில இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தின் இரண்டாம் பதிப்பு இருந்தது. 1954இல் சிறு சிறு பகுதிகளாக வெளிவரத் தொடங்கி, முடிய அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்ட நூல். கட்டுரைகளின் முடிவில் எழுதியவர் பெயர் இருக்கும். அவர் எந்த நூல்களிலிருந்து எடுத்தார் என்ற விவரமும் இருக்கும். அல் குவாரிஸ்மீ என்ற தலைப்பைப் புரட்டினேன். ஒருவர் இல்லை. ஒன்றுக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள்.

அல்ஜீப்ரா எழுதிய முஹம்மது இப்னு மூஸா அல் குவாரிஸ்மீ ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டில், கலீஃபா மஃமூனின் பக்தாதில் வாழ்ந்தவர். 'மஃபாதீஹுல் உலூம்' எழுதியவர் முஹம்மது இப்னு அஹ்மது அல் குவாரிஸ்மீ. இவர் நூறாண்டுகளுக்கும் மேல் பிந்தியவர். குராஸானில் ஸாமானிய அரசின் அமைச்சர் ஒருவருக்குத் தம் நூலைக் காணிக்கையாக்கியவர். இருவரும் குவாரிஸ்ம் நாட்டுப் பெயரைச் சுமந்தவர்கள், இருவர் பெயரும் முஹம்மது. ஃபார்வர்டு செய்தியை முதலில் எழுதிய புண்ணியவான் இருவரையும் ஒருவராக்கிவிட்டார். நான் அதை ஒலிபெருக்கியில் வாசித்துவிட்டேன்.

முதல் என்று சொன்னதும் தவறு. ரோமானியரான பிளினி 37 பாகங்கள் கொண்ட இயற்கை வரலாற்றை எழுதியது கி.பி. முதல் நூற்றாண்டில். சீனத்திலும் பேரரசர்களின் ஆணையால் பெருந்தொகுப்புகள் உருவாகிவந்தன. மிங் பேரரசர் யொங்லேயின் காலத்தில், 1408இல், முடிந்த தொகுப்பு 11,000 தொகுதிகளுக்கும் மேற்பட்டது. அச்சேறாமல் அரண்மனைக்குள்ளேயே கிடந்த நூல் அது. ஐரோப்பியர் நம்மைப் பார்த்து எழுதினார்கள் என்பதும் அவ்வாறே. இலண்டனில் 1728இல் எஃப்ரெய்ம் சேம்பர்ஸ் ஒரு கலைக்களஞ்சியம் வெளியிட்டார். அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்க்கத் தொடங்கிய வேலைதான் வளர்ந்து டிடரோவின் 28 தொகுதிப் பெருநூலாயிற்று. மருத்துவத்திலும் கணிதத்திலும் ஐரோப்பா நம் நூல்களுக்குப் பட்ட கடன் பெரிது. அது மறுக்க முடியாத வரலாறு. இந்தக் கடனை அதோடு சேர்த்து எழுத நமக்கு உரிமையில்லை.

மூன்று வாக்கியம் சொன்னேன். மூன்றும் பிழை.

வெட்கம் ஒருபுறமிருக்க, அந்த நூலகத்தில் அமர்ந்திருந்த இரண்டு நாட்களில் நான் கண்டது எதுவென்றால், பொய்யான பெருமைக்காக நாம் மறந்துவிட்ட உண்மையான மனிதர்கள். இரண்டாம் அல் குவாரிஸ்மீயையே எடுத்துக்கொள்ளலாம். அரசு அலுவலகத்தில் எழுத்தராகப் பணி செய்வோருக்காக அவர் எழுதினார். ஃபிக்ஹு, கலாம், இலக்கணம், எழுத்தர் தொழில், கவிதை, வரலாறு என்று ஒரு பாதி. தத்துவம், தர்க்கம், மருத்துவம், கணக்கு, வடிவியல், வானியல், இசை, இயந்திரக் கலை, இரசவாதம் என்று மறு பாதி. இவை கிரேக்கரிடமிருந்தும் பிறரிடமிருந்தும் வந்த அறிவுகள் என்று தயங்காமல் பிரித்துக் காட்டினார். பிறரிடமிருந்து வந்ததைப் பிறருடையது என்று சொல்ல அவர் நாணவில்லை. நானும் எழுத்தர் வேலை பார்த்தவன் ஆதலால் அவர்மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

மற்றொருவர் எகிப்தின் ஷிஹாபுத்தீன் அந்நுவைரீ (ரஹ்). 1279இல் பிறந்து 1333இல் மறைந்தவர். மம்லூக் சுல்தான் நாஸிர் முஹம்மதின் ஆட்சியில் கணக்கு, வருவாய்த் துறைகளில் உயர் பதவி வகித்தவர். ஒரு கட்டத்தில் அதையெல்லாம் விட்டுவிட்டுப் புத்தகங்களுக்கு நடுவே அமர்ந்துகொண்டார். வருவாய்க்கு ஸஹீஹுல் புகாரீயைத் தம் கையால் பலமுறை பிரதியெடுத்து விற்றார். அவருடைய கையெழுத்துக்கு நல்ல விலை கிடைத்தது. எஞ்சிய நேரத்தில் 'நிஹாயத்துல் அரப்' என்னும் கலைக்களஞ்சியத்தைத் தொகுத்தார். வானமும் பூமியும், மனிதன், விலங்குகள், தாவரங்கள், வரலாறு என்று ஐந்து பிரிவுகள். ஏறத்தாழ 9,000 பக்கங்கள். நிலாவைப் பற்றிய கவிதையும் உண்டு, வரி வசூல் கணக்கை எப்படி எழுதுவது என்ற குறிப்பும் உண்டு. கெய்ரோவில் 1923இல் இதை அச்சிடத் தொடங்கியவர்கள் 33 தொகுதிகளையும் முடித்தபோது 1997 ஆகிவிட்டது. ஒரு மனிதர் தனியே எழுதியதை அச்சடிக்கவே எழுபத்து நான்கு ஆண்டுகள்!

ஆனால் என் மனத்தைப் பிடித்துக்கொண்டவர் இப்னுந் நதீம். பக்தாதில் நூல்களைப் பிரதியெடுத்து விற்கும் வர்ராக் தொழில் செய்தவர். ஹிஜ்ரி 377இல் அவர் எழுதிய 'ஃபிஹ்ரிஸ்த்' கண்டிப்பாகப் பார்த்தால் கலைக்களஞ்சியம் ஆகாது. அரபு மொழியில் அதுவரை எழுதப்பட்ட நூல்கள், எழுதியவர்கள் ஆகியோரின் பட்டியல். எந்த நூலைத் தாம் கண்ணால் கண்டார், எதைப் பிறர் சொல்லக் கேட்டார் என்று ஆங்காங்கே சொல்லிச் செல்கிறார். ஒரு புலவரின் கவிதைகள் இத்தனை தாள் என்று சொன்னால், அந்தத் தாளின் பக்கத்தில் இருபது வரி என்று கணக்கும் வைக்கிறார். கடைக்காரரின் நாணயம் அது. ஒருவர் இறந்த ஆண்டோ ஒரு நூலின் பெயரோ தமக்குத் தெரியாத இடங்களில் அவர் எதையும் இட்டுக்கட்டவில்லை. வெற்றிடம் விட்டார். பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்த வெற்றிடங்கள் அப்படியே இருக்கின்றன.

அதைப் படித்தபோது காடாத் துணி ஒட்டிய மரக்கட்டை என் கண்முன் வந்தது.

இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் ஒருமுறை 48 கேள்விகள் கேட்கப்பட்டன, அவற்றில் 32க்கு 'எனக்குத் தெரியாது' என்று விடையளித்தார்கள் என்ற செய்தியை நம்மில் பலர் பயான்களில் கேட்டிருப்போம். கலைக்களஞ்சியம் என்பதோ எல்லாம் தெரியும் என்று சொல்வதற்காகவே பிறந்த நூல். இந்த இரண்டையும் எப்படிப் பொருத்துவது என்று சில நாட்கள் யோசித்தேன். நல்ல கலைக்களஞ்சியங்கள் தங்களுக்குத் தெரியாததையும் ஏதோ ஒரு வகையில் பதிவு செய்திருக்கின்றன என்றே படுகிறது. முகவர் தூக்கி வந்தாரே, அத்தகைய ஆங்கிலக் கலைக்களஞ்சியங்களுள் மூத்ததான பிரிட்டானிக்காவின் முதல் பதிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். எடின்பரோவில் காலின் மாக்ஃபார்குவர் என்ற அச்சகத்தாரும் ஆண்ட்ரூ பெல் என்ற செதுக்கு ஓவியரும் சேர்ந்து, வில்லியம் ஸ்மெல்லி என்ற இருபத்தெட்டு வயது இளைஞரை 200 பவுன் ஊதியத்திற்கு அமர்த்தி எழுதவைத்தார்கள். 1768 முதல் 1771 வரை வாரந்தோறும் சிறு பகுதிகளாக விற்று, பிறகு மூன்று தொகுதிகளாகக் கட்டினார்கள். ஆங்கிலத்தின் முதல் இரண்டு எழுத்துகளுக்கே முதல் தொகுதி தீர்ந்துபோயிற்று. அவசரம் வந்துவிடவே மிச்ச எழுத்துகளை எல்லாம் மற்ற இரண்டில் அடைத்துவிட்டார்கள். நம் வீட்டுத் திருமணப் பந்தியில் முதல் வரிசைக்குப் போடும் கறியின் அளவும் கடைசி வரிசைக்குப் போடும் அளவும் நினைவுக்கு வரும். அதில் கலிஃபோர்னியா மேற்கிந்தியத் தீவுகளைச் சேர்ந்த நாடு என்று எழுதியிருக்கிறார்கள். ஆனால் அது தீவா தீபகற்பமா என்பது உறுதியாகத் தெரியவில்லை என்றும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். பிழைக்குள்ளும் அந்த ஒரு நேர்மை!

அந்நூல்தான் பின்னர் வீட்டு வரவேற்பறையின் மதிப்புப் பொருளாயிற்று. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் அஞ்சல்வழி வணிகம் செய்த சியர்ஸ் நிறுவனத்தின் கைக்கு அது போனது. வீடுவீடாக முகவர்கள் சென்றார்கள். தவணை முறையில் விற்றார்கள். வாங்கிய வீடுகளில் எத்தனை பேர் திறந்து படித்தார்கள் என்பது வேறு கேள்வி. பொன்னெழுத்து முதுகுகள் பெற்றோரின் ஆசைக்குச் சாட்சியாக நின்றன. 2012இல் இனி அச்சிடுவதில்லை என்று அறிவித்தார்கள். 32 தொகுதிகள் கொண்ட 2010ஆம் ஆண்டு அச்சே கடைசி.

வாப்பா அன்று கையெழுத்துப் போடாததில் எனக்கு இப்போது வருத்தமில்லை. ஆனால் சிலர் சொல்வதுபோல், அவர்களுடைய நூல்களை நாம் தொடவே கூடாது என்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. பிரிட்டானிக்காவின் 11ஆம் பதிப்பில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைப் பற்றிய கட்டுரையை எழுதியவர் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியர் மார்கோலியத். அவருடைய பார்வை நம் உள்ளத்தைப் புண்படுத்தக்கூடியது. ஆயினும் கட்டுரையின் கீழே அவருடைய பெயரின் முதலெழுத்துகள் இருக்கின்றன. யார் பேசுகிறார் என்று தெரிகிறது. ஆகவே மறுக்கவும் முடிகிறது. துருக்கியில் அப்படித்தான் நடந்தது. லெய்டன் கலைக்களஞ்சியத்தைத் துருக்கியில் பெயர்க்கத் தொடங்கியபோது அங்குள்ள அறிஞர்கள் சிலர் கொதித்தார்கள். கொதிப்போடு நிற்காமல் தாங்களே எழுத முனைந்தார்கள். பிற்காலத்தில் அந்நாட்டு மார்க்க அறக்கட்டளை 1988இல் தொடங்கி 2013இல் முடித்த 44 தொகுதி இஸ்லாமியக் கலைக்களஞ்சியம், இன்று கீழை மேலை நாட்டு ஆய்வாளர்கள் அனைவரும் எடுத்துப் பார்க்கும் நூலாகியிருக்கிறது.

நம் தமிழிலும் அந்த முயற்சி நடந்தது. தொண்டியில் பிறந்த எம். ஆர். எம். அப்துற் றஹீம் அவர்கள், இளைஞர்களுக்கான வாழ்க்கை முன்னேற்ற நூல்களால் தமிழகமெங்கும் அறியப்பட்டவர், தம்முடைய யுனிவர்ஸல் பப்ளிஷர்ஸ் வாயிலாக இஸ்லாமியக் கலைக்களஞ்சியத்தைத் தொகுதி தொகுதியாக வெளியிட்டார். அரசு உதவியோ பெரிய அலுவலகமோ இல்லாத முயற்சி. நம் வீடுகளில் எத்தனையில் அது இருக்கிறது?

இக்காலத்துப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் தேவையில்லை, விக்கிப்பீடியா இருக்கிறது என்பார்கள். நானும் பார்க்கிறேன். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவில் ஊதியமின்றி உழைக்கும் அன்பர்களை மதிக்கிறேன். பத்தாம் நூற்றாண்டு பஸ்ராவில் இஃக்வானுஸ் ஸஃபா என்று தம்மை அழைத்துக்கொண்ட ஒரு குழுவினர், தம் பெயரை மறைத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட நிருபங்களில் எல்லா அறிவையும் தொகுத்தார்கள். அவர்களை ஏற்க மறுத்தவர்கள் அன்றே இருந்தார்கள். விக்கிப்பீடியாவிலும் எழுதியவர் பெரும்பாலும் முகமற்றவர்; ஆனால் ஒவ்வொரு வரிக்கும் சான்று கேட்கும் வழக்கம் அங்கே இருக்கிறது, சான்றில்லாத வரிக்குப் பக்கத்தில் சான்று தேவை என்று குறிக்கும் வழக்கமும் இருக்கிறது. எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இவற்றில் ஒன்றுகூட இல்லை.

இனி, நான் செய்ய வேண்டியிருந்தது. ஊருக்குத் திரும்பிய பிறகும் மூன்று வாரம் தள்ளிப்போட்டேன். ஜமாஅத் செயலாளரிடம் மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "விடுங்க காக்கா, நல்லதுக்குத்தானே சொன்னீங்க. புள்ளைங்களுக்கு ஒரு உற்சாகம். யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார். என் உள்ளமும் அந்தப் பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தது. ஆனால் வீட்டுக்கு நடந்து வரும் வழியில் வேறொன்று நினைவுக்கு வந்தது. சூராக்களின் சிறப்பைப் பற்றி ஹதீஸ்களை இட்டுக்கட்டியவர்களில் சிலர் வணக்கசாலிகள். பிடிபட்டபோது அவர்களும் மக்களை நல்ல வழியில் ஆர்வப்படுத்தவே செய்தோம் என்றுதான் சொன்னார்கள். முஹத்திஸீன்கள் அந்த விடையை ஏற்கவில்லை. அவர்களின் பெயர்களைப் பொய்யர் பட்டியலில் எழுதிவைத்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை காலை மக்தப் வகுப்பிற்குச் சென்றேன். உஸ்தாதிடம் அனுமதி கேட்டு, பிள்ளைகள் முன் நின்று, அன்று மேடையில் நான் சொன்ன மூன்று செய்திகளும் பிழை என்றேன். இரண்டு குவாரிஸ்மீகளைப் பற்றிச் சொன்னேன். நுவைரீயைப் பற்றிச் சொன்னேன். சிறுவர்கள் சிலர் தமக்குள் சிரித்தார்கள். பெரியவர் ஒருவர் தப்பு என்று சொல்வதை அவர்கள் அதிகம் பார்த்ததில்லைபோலும். அந்தச் சிறுமி கடைசி வரிசையில் இருந்தாள்.

"நான் ஏற்கெனவே எழுதிக் குடுத்துட்டேனே மாமா" என்றாள்.

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

"வெரி குட் போட்டாங்க."

அதற்கு என்னிடம் பதில் இல்லை. என் கையாலேயே திருத்தமொன்றை எழுதி, எந்த நூலில் எந்தத் தலைப்பில் பார்த்தேன் என்பதையும் குறித்து, அவள் ஆசிரியைக்குக் கொடுத்தனுப்பினேன். குடும்பக் குழுவிலும் எழுதினேன். மச்சான் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார். இரண்டு நாள் கழித்துப் பழைய செய்தியையே வேறொருவர் வேறு படத்தோடு அனுப்பியிருந்தார்.

வாப்பாவின் தொகுதிகளை மத்ரஸாவுக்கே வக்ஃப் செய்துவிடுவதென்று காக்காவும் ராத்தாவும் நானும் முடிவெடுத்தோம். உம்மா இருந்திருந்தால் சம்மதித்திருப்பார். கொடுப்பதற்கு முதல் நாள் இரவு, தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் பத்துத் தொகுதிகளும் வாசிக்கக் கிடைக்கின்றன என்று என் மகன் சொல்லி, கைபேசியில் ஏழாம் தொகுதியைத் திறந்து கொடுத்தான். நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு அதன் முதல் பக்கத்தைப் பார்த்தேன். சிறுவயதில் நாங்கள் வாப்பாவிடம் கேட்ட கேள்விகளில் ஒன்றையாவது தேடிப் பார்க்கலாம் என்று நினைத்தேன். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

மத்ரஸாவில் புத்தகங்களை அடுக்கும்போது உஸ்தாத் மரக்கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "இது எதுக்கு? இந்த இடத்துல வேற கிதாபு ரெண்டு வைக்கலாமே" என்றார். இருக்கட்டும் ஹஜ்ரத், எடுத்துவிட்டால் எட்டு சாய்ந்துவிடும் என்று சொல்லி, வாங்கி அதன் இடத்திலேயே வைத்தேன். மையெழுத்து மங்கியிருந்தது. சிறுமி தன் பேனாவால் '7' என்பதை மேலே ஒருமுறை எழுதினாள்.